இருபத்தைந்தில் ஒரு பொட்டு

என் பஸ் உத்தியோகத்துக்கு முடிவு கட்டியது ஒரு கூடைக் கோழி.

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே ஒன்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். தாணுலிங்கத்தை முந்தின வண்டி அந்த ரோட்டில் கிடையாது என்று காப்பிக்கடைகளில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தது பெரும்பாலும் நான்தான். ஒருத்தன் என் முன்னால் போனால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். அன்றைக்கு எதிர்க் கம்பெனி பஸ் ஓட்டுகிற சத்தியநேசன் பாறசாலை தாண்டி என்னை முந்திப் போனான். அரித்தது. விட்டேன். அவனை முந்தினபிறகுதான் வளைவு ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. பஸ் நேராக வயலில் இறங்கி நின்றது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஒரு பெரியவருக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. அவர் அதற்கு என்னை வாழ்த்தக்கூடச் செய்தார். ஆனால் ஒரு கோழிக்கூடை திறந்துகொண்டு கோழிகள் வயல் முழுக்கச் சிதறிவிட்டன. கோழிகளைப் பிடிக்க அரை நாள் ஆயிற்று. என்னை வீட்டுக்கு அனுப்ப முதலாளிக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வேலை போனது போகட்டும். பொன்னம்மையும் போய்விட்டாள். சேலையை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஒம்பது வருசமா அந்தியானா பஸ்ஸு சத்தம் கேக்குதான்னு காதத் தீட்டிக்கிட்டு கெடந்தாச்சு. இனி எனக்கு ஏலாது. இன்னொரு வண்டிக்கு வழிவிட என்னைக்குத் தெரியுதோ அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, வாரேன்."

இனிமேல் நிதானமாக ஓட்டுவேன் என்று சுசீந்திரம் கோயிலில் சூடத்தின்மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். "இது ஆறாவது சத்தியம்" என்று சொல்லிவிட்டுக் கோட்டாற்றில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் எண்ணி வைக்கவில்லை, அவள் வைத்திருந்தாள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப்பத்தில் நடந்தது இது. மூன்று மாதம் சும்மா இருந்தபிறகு, திருவனந்தபுரத்தில் வலியசாலை வக்கீல் சுந்தரராமய்யர் புதுக் கார் வாங்கியிருக்கிறார், டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டி. கரும்பச்சை நிறம். எஞ்சின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு அழுக்கு கிடையாது. ஒன்பது வருஷம் நான் ஓட்டிய பஸ்ஸின் வயிற்றைப் பார்த்தவனுக்கு அதைத் தொடவே கூச்சமாக இருந்தது.

வக்கீல் கையில் ஒரு சின்னப் புத்தகம். வண்டியோடு வந்தது. அவர் அதைச் சட்டப்புத்தகம் மாதிரி படித்திருந்தார். பக்க ஓரங்களில் பென்சிலால் கோடுகள் வேறு.

"கேட்டியோ தாணு, புது எஞ்சினாக்கும். இளக்கி எடுக்கணும். முதல் ஐந்நூறு மைல் இருபத்தஞ்சுக்கு மேலே போகப்படாதுன்னு ஸ்பஷ்டமாப் போட்டிருக்கான். இறக்கமானாலும் படாது. போனா உள்ளே ஒண்ணோடொண்ணு உரசிக் காலத்துக்கும் கேடு. உன்னைப் பத்தி விசாரிச்சாச்சு. கோழி விஷயமும் தெரியும்."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஐந்நூறு மைல் உனக்குப் பரீட்சை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முள்ளு இருபத்தஞ்சைத் தாண்டினா அன்னிக்கே இறங்கிக்கலாம். தாண்டாமக் கொண்டு வந்தேன்னா வேலை ஸ்திரம். பின்கட்டிலே ஒரு ரூம் காலியாக் கிடக்கு. ஆத்துக்காரியைக் கூட்டிண்டு வந்து இருந்துக்கோ."

அந்த ரூமை எட்டிப் பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, முற்றத்தில் ஒரு முருங்கை. ஐந்நூறு மைல் தூரத்தில் பொன்னம்மை அந்த முருங்கையடியில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

வண்டிக்குப் பூஜை நடந்தது. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வக்கீலின் மனைவி நாகலக்ஷ்மி அம்மாள் வண்டி நெடுகக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தபோது வக்கீல் நிறுத்தி, வேகம் காட்டும் மீட்டரைச் சுட்டினார். "இங்கே ஒண்ணு வை. சரியா இந்த இருபத்தஞ்சு மேலே." அம்மாள் மோதிர விரலால் கண்ணாடியில் அளந்து வைத்தாள். அதுதான் எல்லை. முள் பொட்டைத் தொடக்கூடாது.

நான் பதினைந்து நாளில் ஐந்நூறு மைல் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் வக்கீல் கோர்ட்டுக்குப் போவார், வருவார். அவ்வளவுதான் அவர் ஊர்சுற்றல். போக வர மூன்று மைல் தேறாது. ஆவணிக் கடைசியில் திருநெல்வேலியில் அவர் மைத்துனர் வீட்டுக் கல்யாணம். அதற்குள் எஞ்சின் இளகியாக வேண்டும். காரில் போய் மிடுக்காக இறங்க வேண்டாமா? இந்தக் கணக்கில் போனால் அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து காதுகுத்தும்போதுதான் போய் இறங்க முடியும்.

வழி கண்டுபிடித்தவள் நாகலக்ஷ்மி அம்மாள். "வண்டி எங்கேயாவது ஓடினாப் போறுமோன்னோ? கோட்டைக்குள்ளே பெருமாள் கோவிலைச் சுத்தி வரட்டுமே. எஞ்சினும் இளகும், பிரதட்சிணமும் ஆச்சு."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தெருவில் பாதிப் பெண்கள் குளித்து முழுகி வண்டிப் பக்கத்தில் நின்றார்கள். கரும்பு தின்னக் கூலியா? நாலு நாலு பேராக ஏற்றிக்கொண்டு கோட்டைக்குள் நாலு வீதியும் சுற்ற ஆரம்பித்தேன். பின்னால் சகஸ்ரநாமம், முன்னால் நான். பன்னிரண்டு மைல் வேகம். அதற்குமேல் போனால் நாமம் தப்புகிறது என்று அதட்டு வரும். நாமத்தை வேகமாகச் சொல்லுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்ததை எத்தனை தடவை விழுங்கினேன் என்று பெருமாளுக்குத் தெரியும். வலமாகச் சுற்றுவதால் கோயில் எப்போதும் வலது பக்கம். வலது ஜன்னல் ஓரத்துக்கு முறை போட்டுச் சண்டை. "டிரைவருக்குத்தான் தினம் தினம் நல்ல தரிசனம்" என்று சூடாமணி மாமி ஒருத்தி என் பிடரியைப் பார்த்துப் பொருமுவாள்.

ஒன்பது வருஷம் பறந்தவன் ஒரே கோபுரத்தை ஒரு நாளைக்கு இருபத்தைந்து தடவை பார்த்தேன். ஜட்கா வண்டி என்னை முந்திற்று. தயிர்க்காரி முந்தினாள். ஒரு நாள் கோயில் யானையும் முந்திற்று. பாகன் திரும்பி எனக்காகப் பரிதாபப்பட்டான். எனக்குக் கோபம் கொப்பளிக்கும். அப்போதெல்லாம் முருங்கை மரத்தை நினைத்துக்கொள்வேன்.

நானூறு மைல் ஆனதும் வக்கீல் வண்டியைத் தம்பானூரில் திரவியத்தின் ஒர்க்ஷாப்பில் காட்டி வரச் சொல்லி, தானும் கூட வந்தார். திரவியம் எங்கள் பக்கத்து ஆள். வாயில் வெற்றிலை இல்லாமல் பேச மாட்டான். டயரைப் பார்த்தான். இடது பக்கத்து இரண்டும் தேய்ந்து வழுவழு என்றிருந்தன. வலது பக்கம் இரண்டும் கடையிலிருந்து வந்த மாதிரி.

"எங்கவே ஓட்டினீரு இத?"

சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தான்.

"சாமி, இது காரா, செக்கா? சமதரையில ஒரே வேகத்துல சுத்தினா எஞ்சின் எப்பிடி எளகும்? மேடு கேறணும், பள்ளம் எறங்கணும், கூட்டணும், கொறைக்கணும். இப்பம் இதுக்கு வலப்பக்கம் திரும்ப மட்டும்தான் தெரியும்."

வக்கீல் புத்தகத்தைப் புரட்டினார். கோயிலைச் சுற்றக்கூடாது என்று எங்கும் போடவில்லை என்று வாதாடினார். பிறகு திரவியம் சொன்னபடியே டயர்களை இடம் மாற்றிப் போட்டு, பாக்கி மைலை நெடுஞ்சாலையில் முடிப்பது என்று தீர்மானமாயிற்று. போக வரத் தொண்ணூறு மைல். சுசீந்திரம்.

சுசீந்திரத்துக்குப் போகும் வழியில்தான் கோட்டாறு.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். மீட்டரில் நானூற்றுப் பத்து. வக்கீல் என் பக்கத்தில், கண் முள்ளின் மேல். அம்மாள் பின்னால், பழக்கூடையோடு. மேடும் பள்ளமுமாக வண்டி ஏறி இறங்கிற்று. எஞ்சினின் குரல் மைலுக்கு மைல் தெளிந்துவந்தது. கோட்டாற்றில் வக்கீல் பத்து நிமிஷம் கொடுத்தார்.

பொன்னம்மை வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றேன். "இன்னைக்கோட பரீட்சை முடியுது. ரூம் இருக்கு. முருங்கை இருக்கு. ஒரு தடவகூட இருபத்தஞ்சத் தாண்டல்ல."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லுகேன்."

"அதாக்கும் கொழப்பமே."

"வக்கீல் சாமிகிட்ட வேணும்னா கேளு."

"மொதலாளி பக்கத்துல இருந்தா யாரும்தான் அடங்கி ஓட்டுவாங்க. ஒரு பஸ்ஸு ஒங்களுக்கு முன்னால ஏறிப் போகட்டும். அப்பம் ஒங்க காலு என்ன செய்யுதுன்னு பாக்கணும். வாய்ச் சத்தியம் எனக்குப் போதும் போதும்னு ஆயிட்டு."

எனக்குச் சுருக்கென்று வந்தது. நானூற்றைம்பது மைல் யானைக்குப் பின்னால் போனவன் நான். "வராட்டிப் போ!" என்று கத்திவிட்டு வந்து வண்டியில் ஏறிக் கதவை அறைந்தேன்.

கோபத்தோடு கிளம்புவதற்கு ஒரு வேகம் வேண்டாமா? புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் தெருவைத் தாண்டினால்தானே கோபத்துக்கு மரியாதை? முதல் கியரில் உருண்டேன். புல்லுக்கட்டு சுமந்துகொண்டு வந்த ஒரு கிழவி தெரு முழுக்க என் ஜன்னல் பக்கத்திலேயே நடந்து வந்து, "ஏம் மக்கா, வண்டிக்கு உடம்பு செரியில்லியா?" என்று விசாரித்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

சுசீந்திரத்தில் தரிசனம், சாப்பாடு எல்லாம் முடிந்து மூன்று மணிக்குத் திரும்பினோம். கோட்டாற்றில் நான் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல அம்மாள் வாயெடுத்தாள். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

நெய்யாற்றின்கரை தாண்டும்போது பின்னால் ஹாரன் கேட்டது. செத்துச் சாம்பலானாலும் எனக்கு அந்த ஹாரன் தெரியும். சத்தியநேசன்.

ஒரு நிமிஷம் ரோட்டின் நடுவில் பிடித்தேன். உள்ளங்கால் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டேன். பஸ் எங்கள் பக்கத்தில் வந்து, வேண்டுமென்றே கொஞ்ச தூரம் கூடவே ஓடிற்று. சத்தியநேசன் எங்கள் பக்கம் தலையைச் சாய்த்துக் கூவினான்.

"அண்ணாச்சி! கயிறு கட்டி இழுக்கட்டா?"

பின்வாசலில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் அதற்கும் மேலே போனான். "வக்கீல் சாமியே! தேரு எப்பம் நெலைக்கு வரும்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. கூவினார்கள், கை தட்டினார்கள். பிறகு புழுதியை எங்கள் மேல் கொட்டிவிட்டு முன்னால் போயிற்று.

வக்கீலின் முகம் சிவந்துவிட்டது. நாளைக்குக் கோர்ட்டில் அத்தனை பேரும் "தேர் வந்தாச்சா?" என்று கேட்கப்போவது அவருக்கு இப்போதே காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தாணு, விடு!"

"சாமி?"

"விடுங்கறேன்! அந்த லொடலொடா பஸ்ஸை முந்து. இந்த எஞ்சின் அறுபது போகும்னு போட்டிருக்கான். முந்து!"

இந்த ஜன்மத்தில் இதைவிட இனிப்பான உத்தரவு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. எஞ்சினும் தயாராகத்தான் இருந்தது. காலின்கீழ் அது இழுப்பது எனக்குத் தெரிந்தது. முன்னால் நேர் ரோடு. பஸ்ஸின் பின்பக்கம் கூப்பிடுகிற தூரத்தில். சொன்னது முதலாளி, பழி எனக்கில்லை. காலை இறக்கினேன். முள் இருபது, இருபத்திரண்டு, இருபத்துநாலு என்று ஏறிப் பொட்டின் ஓரத்துக்குப் போயிற்று.

மீட்டரில் நானூற்று எண்பத்தொன்பது. இன்னும் பதினோரு மைல். பஸ்ஸு ஒன்று முன்னால் போகட்டும் என்று காலையில் சொன்னாளே, அது இதுதான். பார்க்க அவள் இல்லை. ஆனாலும் அது இதுதான்.

காலை எடுத்தேன்.

"முடியாது சாமி."

"என்ன சொன்னே?"

"பதினோரு மைல் பாக்கி இருக்கு. தாண்டப்படாது."

"என் வண்டிடா! நான் சொல்றேன்!"

"வண்டியும் ஒங்களுக்குள்ளது, புஸ்தகமும் ஒங்களுக்குள்ளது. இறக்கமானாலும் படாதுன்னு நீங்கதான் வாசிச்சுக் காட்டினியோ. இவ்வளவு தூரம் பொட்டைத் தொடாமக் கொண்டாந்தாச்சு. இனி நான் தொட மாட்டேன்."

"அப்போ ஆத்துக்குப் போனதும் சாவியைக் கொடுத்துட்டுப் போகலாம்!"

"செரி சாமி."

"ஏன்னா, பதறாத காரியம் சிதறாதும்பா…" என்று ஆரம்பித்த அம்மாளை அவர் ஒரு கையசைப்பில் அடக்கிவிட்டார். பஸ் கண்ணிலிருந்து மறைந்தது. தாண்டியிருந்தால் வேலை போகும், தாண்டாததற்கும் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லலாம், தூசியும் இருந்தது.

பாலராமபுரம் கழிந்து ஒரு மைல் போயிருப்போம். "யாரோ ஒரு பொம்மனாட்டி பெட்டியும் கையுமா நடுரோட்டிலே நிக்கறாளே" என்றாள் அம்மாள்.

தகரப்பெட்டி. அதை எனக்குத் தெரியும். நிற்கிறவளையும் தெரியும். பிரேக்கை மிதித்தேன்.

பொன்னம்மை என்னிடம் வரவில்லை. சுற்றிக்கொண்டு வக்கீல் பக்கத்து ஜன்னலுக்குப் போய்க் கும்பிட்டாள். "இவருக்கு வீட்டுக்காரி, சாமி."

வக்கீல் கோபத்தில் இருந்தாலும் வக்கீல்தானே. "பஸ்ஸிலேர்ந்தா இறங்கினே? எங்கே போகச் சீட்டு எடுத்தே?"

"திருவனந்தபுரத்துக்கு."

"பாதி வழியிலே இறங்குவானேன்?"

"ஜன்னலோரம் இருந்தேன் சாமி. ஒங்க வண்டி முன்னால போறத அப்பமே பாத்துட்டேன். இன்னைக்கு ரெண்டு வண்டியும் வயல்லதான்னு கண்ண மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா இவரு எடப்பக்கம் ஒதுங்குகாரு. பஸ்ஸே கூவுது, இவரு காலு எளகல்ல. வெரட்டிட்டு வாராரான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன், வரல்ல. வண்டிய நிறுத்துன்னேன். நிறுத்த மாட்டேன்னான். குதிச்சிருவேன்னேன், நிறுத்திட்டான்."

"அவன் காலைத் தூக்கினதுக்கு என்ன விலை தெரியுமோ?" என்று பின்னாலிருந்து அம்மாள் மெதுவாகக் கேட்டாள். "முந்துன்னு சொன்னவர் இதோ இவர்தான். மாட்டேன்னு சொன்னதுக்கு வேலையை விட்டு நீக்கியாச்சு."

பொன்னம்மை அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "வேலையும் போச்சா?"

"போச்சு."

"போனாப் போட்டு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. "ஏறலாமா?"

நாகலக்ஷ்மி அம்மாள் பழக்கூடையைக் காலடிக்கு நகர்த்தி ஒதுங்கி இடம் விட்டாள். பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நேமம் தாண்டியதும் வக்கீல் தொண்டையைக் கனைத்தார்.

"நாகு, பின்கட்டு ரூம் சாவி யார்கிட்டே இருக்கு?"

"என் இடுப்பிலேதான்."

"போனதும் திறந்து கொடு. அவாளுக்குச் சாமான் வைக்கணுமோன்னோ." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "கண்ணால் கண்ட சாட்சி இருக்கறச்சே நான் என்ன வாதாடறது" என்றார்.

கரமனைப் பாலத்தின்மேல் மீட்டரில் ஐந்நூறு திரும்பிற்று. வக்கீல் தன் மேல்வேஷ்டி நுனியால் கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைத்தார். "இனி உன் இஷ்டம்." காலை இறக்கினேன். முள் முப்பதைத் தொட்டது. எஞ்சின் எண்ணெயில் வழுக்கின மாதிரி ஓடிற்று. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன், பொன்னம்மை அம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். இருபதுக்கு வந்துவிட்டேன்.

முருங்கையடியில் பெட்டியை இறக்கும்போது அவளிடம் கேட்டேன். "நான் வழிவிட்டதப் பாத்தது நெய்யாத்தங்கரையில. அதுக்கு முன்னாலயே எதுக்கு பஸ்ஸு ஏறின? காலையில வரமாட்டேன்னியே?"

"சொன்னேன். நீங்களும் கோவிச்சுக்கிட்டுக் கெளம்பினியோ." சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்; சிரிப்பு கண்ணில் தெரிந்தது. "ஆனா அந்தப் புல்லுக்காரக் கெழவிகூடச் சேர்ந்து தெருமுனை திரும்ப ஒங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு! அதுக்குள்ள எனக்கு மனசு மாறிட்டு."

நான் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.